வென்டிலேட்டர் நோயாளிகளும் அபாச்சி 2உம்: கணக்கு எங்கே உதைக்கிறது?

கேட்டவர்: கொழும்பு10_எம்ஓ

கொழும்பில் ஒரு மெடிக்கல் ஐசியூவில் ஓடிட் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 24 மணித்தியாலத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்த பெரியவர்களை எடுத்து, அபாச்சி 2 (ஐசியூவில் முதல் 24 மணித்தியாலத்தின் மிக மோசமான பெறுமதிகளுக்குப் புள்ளி போட்டு இறப்பைக் கணிக்கும் முறை) சொன்ன இறப்பு வாய்ப்பையும் உண்மையில் நடந்ததையும் ஒப்பிடுகிறோம். பழைய பி.எச்.டி.களில் (பெட் ஹெட் டிக்கெட், நோயாளியின் சிகிச்சைப் பதிவு) இருந்துதான் தரவு எடுக்கிறோம்.

நியுமோனியா நோயாளிகளில் கணக்கு ஓரளவு பிடிபடுகிறது. பூச்சிமருந்து குடித்தவர்கள், பாம்புக்கடி, டெங்கு என்று போனால் கணித்தது ஒரு பக்கம், நடந்தது இன்னொரு பக்கம். மயக்க மருந்து ஓடும்போது கிளாஸ்கோ (கண், பேச்சு, அசைவு பார்த்து நினைவு நிலையை 3 முதல் 15 வரை அளப்பது) பெறுமதியாக எதை எழுதுவது என்பதில் எங்களுக்குள்ளேயே மூன்று கட்சி. ஏபிஜி (தமனி இரத்த வாயுச் சோதனை) செய்யாத நாட்களும் இருக்கின்றன. இன்னொன்று: முதல் நாள் புள்ளியை விட்டால், வென்டிலேட்டர் நோயாளிக்கென்று வேறு எதைப் பார்த்து முடிவை ஊகிக்கலாம்? ஏழாம் நாள் உறவினர் வந்து “தப்புவாரா டொக்டர்?” என்று கேட்கும்போது முதல் நாள் புள்ளியை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியவில்லை.

---

பதில்: பீப்_எட்டு

கிளாஸ்கோவில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் மிகப் பெரிய ஓட்டை அதுதான். அபாச்சி 2இல் 15இலிருந்து கிளாஸ்கோ பெறுமதியைக் கழித்து வருவதைப் புள்ளியாகச் சேர்க்கிறோம். மிடசோலம், மோர்பின் ஓடும் ஆளுக்கு 3 என்று எழுதினால் 12 புள்ளி சும்மா ஏறிவிடும். சமன்பாடு இது (வருவது லொஜிட், அதாவது இறப்பு வாய்ப்புக்கும் தப்பும் வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை; அதை வீதமாக மாற்ற வேண்டும்): மைனஸ் 3.517, கூட்டல் புள்ளி பெருக்கல் 0.146, கூட்டல் நோய்ப்பிரிவின் எடை, அவசர சத்திரசிகிச்சை என்றால் இன்னும் 0.603. நியுமோனியாவின் எடை பூச்சியம். அப்படியானால் 13 புள்ளிக்கு 16.5 வீதம் வருகிறது, 25 புள்ளிக்கு 53 வீதம். அதே ஆள், அதே நுரையீரல். மயக்க மருந்தைக் கோமாவாக எண்ணியதால் மட்டும் இந்த வித்தியாசம்.

வழமை என்னவென்றால், மூச்சுக்குழலுக்குள் டியூப் போடுவதற்கும் செடேஷன் (மயக்க மருந்து) கொடுப்பதற்கும் முன்பு கடைசியாக நம்பகமாகப் பார்த்த பெறுமதியை எடுப்பது. அது ஈடியூ (அவசர சிகிச்சைப் பிரிவு) குறிப்பிலோ வார்ட்டின் அழைப்புக் குறிப்பிலோ பெரும்பாலும் கிடைக்கும். எங்குமே இல்லை, மூளையில் கோளாறு இருந்ததற்கும் அறிகுறி இல்லை என்றால் 15. டியூப் இருப்பதால் பேச்சுக்கு 1 என்று போடுவதும் தவறு. கண்ணும் கையும் சொல்வதை வைத்து, பேசக்கூடியவர் போல் இருந்தால் 5, குழப்பமாகத் தெரிந்தால் 3, பதிலே இல்லை என்றால் 1. இந்த விதியை எழுதி வைத்துவிட்டு எல்லா டிக்கெட்டிலும் ஒரே மாதிரிப் பின்பற்றுங்கள். மூன்று கட்சியில் எது சரி என்பதைவிட, ஒரே ஓடிட்டுக்குள் மூன்று விதி இருப்பதுதான் ஆபத்து.

கட்டுவிரியன் கடித்தவரிடம் இது இன்னும் விபரீதமாகப் போகும். இமை திறக்கவில்லை, கை அசையவில்லை, பேச்சில்லை. கிளாஸ்கோ 3 என்று பதிவாகிவிடும். உள்ளே ஆள் முழு நினைவோடு இருக்கக்கூடும். செயலிழந்தது நரம்பு–தசைச் சந்தி, மூளையல்ல. நுரையீரலில் வேறு கோளாறு சேராவிட்டால், செயற்கைச் சுவாசத்தில் காத்திருந்தாலே பெரும்பாலானோர் மீள்வார்கள். ஆகவே இவர்களைத் தனிக் குழுவாக வையுங்கள். (ஓடிட்டுக்கு வெளியே ஒரு சொல்: அசையவில்லை என்பதற்காகச் செடேஷன் இல்லாமல் விட்டுவிடாதீர்கள், கட்டிலருகில் கண்டபடி கதைக்கவும் வேண்டாம்.)

ஓகனோபொஸ்பேட்டில் (பூச்சிமருந்து வகை ஒன்று) சிக்கல் நோய்ப்பிரிவு. அபாச்சி 2இன் பட்டியலில் இவரைப் போடக்கூடிய இடம் இரண்டு. சுவாசத் தொகுதிக்குக் கீழே ‘உறிஞ்சல், நஞ்சு’ என்ற பிரிவின் எடை மைனஸ் 0.142. ‘மருந்து மிகைப்பாவனை’ என்ற பிரிவின் எடை மைனஸ் 3.353. 25 புள்ளி உள்ள ஒருவரை முதலாவதில் போட்டால் ஏறக்குறைய 50 வீதம், இரண்டாவதில் போட்டால் 4 வீதத்துக்கும் குறைவு. பட்டியல் உருவானது 1985இல், அமெரிக்க நோயாளிகளை வைத்து. அங்கே மிகைப்பாவனை என்றால் பெரும்பாலும் தூக்க மாத்திரை. விழித்தெழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊர்ப் பூச்சிமருந்து அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. எதில் போட்டீர்கள் என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

குடித்து 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் வரும் ‘இடைநிலை நோய்த்தொகுதி’ வேறு இருக்கிறது. 1987இல் சேனாநாயக்கவும் கரலியத்தவும் இலங்கை நோயாளிகளை வைத்தே அதை விவரித்தார்கள். அத்ரோபின் மருந்துக்கு எல்லாம் அடங்கி, ஆள் தெளிவாக இருக்கும் நேரத்தில் கழுத்துத் தசை தளர்ந்து, பிறகு மூச்சு நிற்கும். முதல் 24 மணித்தியாலப் புள்ளிக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று நாலு மணிக்கொருமுறை பார்ப்பது அந்தப் புள்ளியைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

டெங்குவில் அபாச்சியைவிட சோஃபா (ஆறு உறுப்புத் தொகுதிகளுக்கும் தனித்தனியே 0 முதல் 4 வரை புள்ளி போடும் முறை) ஏமாற்றும். பிளேட்லெட் 20,000க்குக் கீழே போனால் 4 புள்ளி. செப்சிஸில் அந்த 4, உடல் முழுக்க உறைதல் குழம்பிவிட்டது என்பதன் அடையாளம். டெங்குவில் அது நோயின் இயல்பான போக்கு, சில நாளில் தானாக ஏறும். எலிக்காய்ச்சலில் மஞ்சள் ஏறிப் பிலிரூபின் 12ஐத் தாண்டினாலும் 4 புள்ளிதான், ஆனால் ஈரல் செயலிழந்துவிட்டது என்று பொருளில்லை. அங்கே பயப்பட வேண்டியது டியூபில் வரும் இரத்தத்துக்கு. நுரையீரல் இரத்தக்கசிவுக்கு சோஃபாவில் தனி இடம் கிடையாது.

---

பதில்: நிகழ்தகவு

மேலே சொன்னதெல்லாம் சரி. நான் கணக்குப் பக்கம் மட்டும்.

‘24 மணித்தியாலத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்தவர்கள்’ என்று வடிகட்டினால், முதல் நாளிலேயே இறந்தவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். அபாச்சி சமன்பாடு அவர்களையும் சேர்த்துக் கட்டியது. உங்கள் குழு தொடக்கத்திலேயே ஒரு நாள் தப்பியவர்களின் குழு. இப்படிப் பார்த்தால் யூனிட் இருப்பதைவிட நன்றாகத் தெரியும். முதல் நாளில் வென்டிலேட்டர் போட்ட எல்லோரையும் எடுங்கள். நீண்டகாலம் இருந்தவர்களைப் பிறகு தனியாகப் பாருங்கள்.

முடிவு என்பது வைத்தியசாலை இறப்பு, ஐசியூ இறப்பு அல்ல. ஐசியூவிலிருந்து வார்ட்டுக்கும், அங்கிருந்து ஊரிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கும் மாற்றப்பட்டவர்களை ‘உயிருடன்’ என்று மூடிவிட வேண்டாம். சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போனவர்களுக்கும் இதுவே. தொலைபேசியில் பின்தொடர முடியாவிட்டால் அவர்களை இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, முடிவு எவ்வளவு மாறுகிறது என்று காட்டுங்கள்.

விடுபட்ட பெறுமதிகள். அபாச்சியின் மரபு, இல்லாததை இயல்பு என்று எடுத்து 0 புள்ளி கொடுப்பது. எல்லாச் சோதனையும் எல்லோருக்கும் நடக்கும் இடத்துக்கு எழுதிய மரபு அது. சோதனை செய்யாததால் இயல்பு என்று ஆகும் இடத்தில் புள்ளி இறங்கும், எதிர்பார்த்த இறப்பு குறையும், யூனிட்டின் பேர் கெடும். ஏபிஜி இல்லாதபோது பிஎச்சுக்குப் பதிலாகச் சீரம் பைகாபனேற்றை எடுக்க அபாச்சி 2 அனுமதிக்கிறது. சோஃபாவின் சுவாசப் பகுதிக்கு எஸ்.பி.ஓ2ஐ (விரலில் மாட்டும் கருவி காட்டும் ஒட்சிசன் வீதம்) எஃப்.ஐ.ஓ2ஆல் (கொடுக்கும் காற்றில் ஒட்சிசனின் பங்கு) வகுக்கலாம்: 315 என்பது பி/எஃப் (தமனி இரத்த ஒட்சிசன் அழுத்தத்தை எஃப்.ஐ.ஓ2ஆல் வகுத்தது) 300க்கும், 235 என்பது 200க்கும் ஈடு. ஆனால் எஸ்.பி.ஓ2 97க்கு மேல் இருந்தால் இது செல்லாது. வளைவு அங்கே தட்டையாகிவிடுகிறது. மற்றவற்றுக்குப் பன்முறை நிரப்பல் (இருக்கும் தரவை வைத்து விடுபட்டதைப் பல தடவை ஊகித்து நிரப்புவது) செய்துவிட்டு, எந்த மாறி எத்தனை வீதம் விடுபட்டது என்று அட்டவணையாகக் கொடுங்கள்.

பிறகு அலகு. கிரியற்றினின் சில ஆய்வுகூடத்தில் மைக்ரோமோலில் வரும், சிலவற்றில் மில்லிகிராமில். 88.4ஆல் வகுக்க மறந்தால் உடனே தெரியும், 177 மில்லிகிராம் என்று யாருக்கும் வராது. ஆனால் 60 வீத ஒட்சிசனை ஒருவர் 0.6 என்றும் இன்னொருவர் 60 என்றும் எழுதினால் சூத்திரம் சத்தமில்லாமல் பிழைக்கும். வாயு அழுத்தம் கிலோபாஸ்கலில் வந்தால் 7.5ஆல் பெருக்குங்கள்.

எஸ்எம்ஆர் பற்றி. எல்லோருடைய கணித்த வாய்ப்பையும் கூட்டினால் எதிர்பார்த்த இறப்பு. உண்மை இறப்பை அதனால் வகுத்தால் எஸ்எம்ஆர். எதிர்பார்த்தது 25, நடந்தது 20 என்று வையுங்கள்: 0.8. பார்க்க நன்றாயிருக்கும். 95 வீத நம்பக எல்லை 0.49 முதல் 1.24 வரை. அதாவது ஒன்றும் சொல்ல முடியாது. சமன்பாட்டைச் சரிபார்க்க ஆகக்குறைந்தது 100 இறப்பும் 100 தப்பியவர்களும் வேண்டும் என்பது பரவலாக ஏற்ற அளவு. உங்களிடம் அதற்குக் குறைவென்றால் ஒரு யூனிட்டை வைத்து முடிவு எழுதாதீர்கள், இன்னும் இரண்டு யூனிட்டைச் சேருங்கள்.

பிரித்தறியும் திறன் வேறு, அளவீடு வேறு. ஏயுசி (பிரித்தறியும் திறனின் அளவு) நன்றாயிருந்தால், இறப்பவர்களுக்குத் தப்புபவர்களைவிடப் பொதுவாகக் கூடிய புள்ளி வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். 40 வீதம் என்று சொன்னவர்களில் உண்மையில் 40 வீதம் பேர் இறந்தார்களா என்பதை அளவீட்டு வரைபடம்தான் காட்டும். ஏயுசி சரி, வரைபடம் கோணல் என்றால் புதுச் சமன்பாடு தேவையில்லை. பழைய சமன்பாட்டின் லொஜிட் பெறுமதியை ஒரே மாறியாகப் போட்டு லொஜிஸ்டிக் பின்னடைவு ஓட்டினால் புதிய வெட்டும் சரிவும் கிடைத்துவிடும். இலங்கை உட்படத் தெற்காசிய ஐசியூக்களின் தரவிலிருந்து 2017இல் வந்த ட்ரொபிக்ஸ் புள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்த மாறிகள், விடுபடும் பிரச்சினை பாதி தீரும்.

---

பதில்: நைட்டியூட்டி_சிஸ்டர்

டொக்டர், சார்ட்டில இருந்து எடுக்கிற ஆக்கள் இதையும் கவனிக்க வேணும்.

சுவாச வீதத்தில செட் ரேட் (மெசின்ல நாங்கள் வைச்சது) ஒரு நிரல், மொத்த ரேட் (நோயாளி தானா எடுக்கிறதும் சேர்த்து) இன்னொரு நிரல். புள்ளிக்கு எடுக்க வேண்டியது மொத்தம். பல நேரம் செட் ரேட் 14ஐயே எல்லா மணிக்கும் இழுத்து எழுதி இருக்கும், நோயாளி 32 எடுத்துக்கொண்டிருப்பார். ‘மிக மோசமான பெறுமதி’ எண்டு தேடேக்க சக்‌ஷன் நேரத்து எஸ்.பி.ஓ2, ஆர்ட்டீரியல் லைன் ஃப்ளஷ் பண்ணின நேரத்து பிரஷர் எல்லாம் வந்து விழும். ஒரே ஒரு மணிக்கு மட்டும் பிரஷர் 40, முன்னும் பின்னும் 110 எண்டா அது பிரஷர் இல்லை.

மூச்சுக் கொள்ளளவு வைக்கிறது உயரத்தில இருந்து கணக்கிடுற நிறையை வைச்சு, அதால உயரத்தை அளவுநாடாவால அளந்து எழுதுங்கோ. கண்ணால பார்த்து 170 எண்டு எழுதினா எல்லாம் பிழைக்கும். பெண்ணுக்கு 45.5, ஆணுக்கு 50. அதோட உயரத்தில 152.4ஐக் கழிச்சு 0.91ஆல பெருக்கிச் சேர்க்க வேணும். 160 சென்ரிமீற்றர் பெண்ணுக்கு 52 கிலோ சொச்சம் வரும், கிலோவுக்கு 6 மி.லீ. எண்டா 315 மி.லீ. தராசு நிறை 80 கிலோவெண்டு 480 வைச்சா நுரையீரல் தாங்காது. பிறகு முடிவு கெட்டதுக்கு நோயில பழி.

வென்டிலேட்டர்ல இருந்து கழற்றேலுமோ எண்டு பாக்கிற ஆர்.எஸ்.பி.ஐயும் பிழையா எழுதுற ஒண்டு. சுவாச வீதத்தை லீற்றரில உள்ள மூச்சுக் கொள்ளளவால வகுக்கிறது. 30 தரம், 300 மி.லீ. எண்டா 30ஐ 0.3ஆல வகுக்க 100. 105 எண்ட எல்லையை 1991இல யாங், டோபின் ரெண்டு பேரும் கண்டது உதவி இல்லாமல் ஒரு நிமிசம் மூச்சு விட விட்டு. பிரஷர் சப்போட் 12ல இருக்கேக்க மெசின் காட்டுற 60ஐப் பார்த்துச் சந்தோசப்படக் கூடாது.

105க்குக் கீழ எண்டாலும் நான் கேக்கிறது மூண்டு: இருமல் வலு இருக்கோ, சக்‌ஷன் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காவுக்கும் கூடத் தேவைப்படுதோ, நேற்றும் முந்தநாளும் ஃப்ளூயிட் பலன்ஸ் எவ்வளவு ப்ளஸ். டியூப் எடுத்துத் திரும்பப் போடுறவையில கனபேர் ஆர்.எஸ்.பி.ஐ நல்லா இருந்தவை. சளி இழுக்கேலாமத்தான் திரும்ப வருவினம்.

---

பதில்: கொழும்பு10_எம்ஓ

சிஸ்டர், பீப்_எட்டு, நிகழ்தகவு, மூவருக்கும் நன்றி. வடிகட்டலை மாற்றுகிறோம். ஏழாம் நாள் கேள்விதான் இன்னும் மிச்சம்.

---

பதில்: மூன்றாம்மாடி

முதல் நாள் புள்ளி ஓடிட்டுக்கு, கட்டிலில் இருப்பவருக்கு அல்ல. 50 வீதம் என்று வந்தால் இப்படிப்பட்ட நூறு பேரில் ஐம்பது பேர் இறப்பார்கள் என்று அர்த்தம். இவர் எந்த ஐம்பதில் என்பது அதற்குத் தெரியாது. நாள் போகப் போக அந்த எண்ணின் பிடியும் தளர்கிறது.

நான் பார்ப்பது போக்கை. சோஃபாவை நாள்தோறும் போட்டு, முதல் 48 மணித்தியாலத்தில் ஏறியதா இறங்கியதா என்று பாருங்கள். 2001இல் வந்த பெல்ஜிய ஆய்வில், அந்த 48 மணித்தியாலத்தில் ஏறியவர்களில் பாதிப்பேர் அல்லது அதற்கு மேல் இறந்தார்கள். இறங்கியவர்களில் 27 வீதத்துக்குக் கீழ். தொடக்கப் புள்ளி எவ்வளவாக இருந்தாலும் இந்தப் போக்கு பேசியது. டெங்குவுக்குப் பீப்_எட்டு சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்: பிளேட்லெட்டை விட்டுவிட்டு மற்ற ஐந்து உறுப்பையும் பாருங்கள்.

நுரையீரலுக்கென்று பார்த்தால், ஏஆர்டிஎஸ்ஸில் (நுரையீரல் திடீரென அழன்று ஒட்சிசன் ஏறாத நிலை) பி/எஃப் விகிதத்தைப் பீப் (மூச்சு விட்ட முடிவிலும் நுரையீரலில் வைத்திருக்கும் அழுத்தம்) 5 அல்லது அதற்கு மேல் வைத்து அளக்க வேண்டும். 2012இன் பேர்லின் வரையறையில் 200–300, 100–200, 100க்குக் கீழ் என்ற மூன்று படியிலும் இறப்பு 27, 32, 45 வீதம். இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. ஒட்சிசன் எண்ணைவிட எனக்கு நம்பிக்கை டிரைவிங் பிரஷரில். பிளாட்டோவிலிருந்து (மூச்சை உள்ளே பிடித்து நிறுத்தும்போது உள்ள அழுத்தம்) பீப்பைக் கழித்து வருவது அது. 2015இல் அமாட்டோ குழு பழைய பரிசோதனைகளின் தரவைத் திரட்டிப் பார்த்தபோது, இறப்போடு கூடுதலாக ஒட்டிப்போனது அதுதான். 15ஐத் தாண்டி நிற்கிறது, மூச்சுக் கொள்ளளவைக் குறைத்தும் இறங்கவில்லை என்றால் பயன்படும் நுரையீரல் சுருங்கிவிட்டது. அளக்கும்போது நோயாளி தானாக மூச்சு இழுக்கக் கூடாது, இன்ஸ்பிரேட்டரி ஹோல்டை அரைச் செக்கனாவது பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வரும் எண் பொய்.

மூன்று வாரம் தாண்டியவர்களுக்குக் கார்சன் குழுவின் ப்ரோவென்ட் என்ற புள்ளிமுறை இருக்கிறது. 21ஆம் நாளில் கேட்க வேண்டியது நாலே விடயம்: வயது 50–64 என்றால் 1, 65 அல்லது அதற்கு மேல் 2, பிளேட்லெட் 150,000 அல்லது அதற்குக் கீழ், நோரட்ரினலின் போன்ற மருந்து இன்னும் ஓடுகிறதா, டயலிசிஸ் நடக்கிறதா. அது சொல்வது ஒரு வருட இறப்பை. 14ஆம் நாளுக்கும் ஒரு வடிவம் உண்டு. அதில் காயத்தால் வந்தவரா இல்லையா என்பதும் சேரும். ட்ராக்கி (கழுத்தில் துளைபோட்டு வைக்கும் சுவாசக் குழாய்) எப்போது என்பதை உயிர்தப்பும் வாய்ப்போடு முடிச்சுப் போடாதீர்கள். 2013இன் ட்ராக்மான் பரிசோதனையில் நாலு நாளுக்குள் போட்டவர்களுக்கும் பத்து நாள் பொறுத்தவர்களுக்கும் 30 நாள் இறப்பு ஏறக்குறைய ஒன்றே, 30.8உம் 31.5உம்.

உறவினரோடு கதைக்கும்போது வீதம் சொல்வதில்லை. “40 வீதம்” என்றால் ஒருவர் 40 வீதம் குணம் என்று எடுத்துக்கொள்வார், தம்பி 40 வீதம் சாவு என்று எடுத்துக்கொள்வார், இரவு தொலைபேசியில் இரண்டும் கொழும்பிலிருந்து கனடா வரை போய்விடும். நான் சொல்வது இந்த மாதிரி: “நுரையீரல் நேற்றைவிட மோசமில்லை, சிறுநீரகம் இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை இதே சிகிச்சையைத் தருவோம். அதுக்குள்ள பிரஷர் மருந்து குறைந்தால் ஒரு பாதை, சலம் வராமல் மருந்தும் கூடினால் வேறு பாதை. வெள்ளி பின்னேரம் திரும்ப இருந்து கதைப்போம்.” மூன்று முதல் ஐந்து நாள் தவணை, எதைப் பார்க்கிறோம் என்பது முன்கூட்டியே தெரியும், அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்தாயிற்று. ஒரே ஆள்தான் வீட்டார் சார்பில் வர வேண்டும், எங்கள் பக்கத்திலும் ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும். மொழிபெயர்க்கத் தாதியரை நம்பியிருக்கும் யூனிட்டில் இது இரட்டிப்பு முக்கியம்.

மோசமான புள்ளியைப் பார்த்துவிட்டுச் சிகிச்சையைத் தளர்த்தினால் புள்ளி சொன்னதுதான் நடக்கும், பிறகு புள்ளி சரி என்று ஓடிட்டில் எழுதுவோம். ஆகவே சிகிச்சையை மட்டுப்படுத்த எடுத்த முடிவுகளையும் அவை எந்த நாளில் எடுக்கப்பட்டன என்பதையும் ஒரு நிரலில் பதியுங்கள்.

---

பதில்: நிகழ்தகவு

கடைசிப் பந்திக்கு ஒரு சேர்க்கை. வென்டிலேட்டரில் இருந்த நாட்களை முடிவாக எடுக்க நினைத்தால், மூன்றாம் நாள் இறந்தவருக்கும் மூன்றாம் நாள் கழற்றியவருக்கும் ஒரே எண் வரும். 28 நாளில் வென்டிலேட்டர் இல்லாமல் உயிரோடு இருந்த நாட்களை எடுங்கள், இறந்தவருக்குப் பூச்சியம். அதிலும் பாதிப்பேருக்குப் பூச்சியம் குவியும், சராசரி போடாதீர்கள்.

---

பதில்: கொழும்பு10_எம்ஓ

சரி. எங்கட சார்ட் ஷீட் காலை ஆறு மணிக்கு மாறுகிறது. முதல் 24 மணித்தியாலத்தை ஷீட்டின்படி எடுத்தால் போதுமா?

---

பதில்: நைட்டியூட்டி_சிஸ்டர்

போதாது டொக்டர். இரவு பதினொரு மணிக்கு வந்தவருக்கு முதல் ஷீட்டில ஏழு மணித்தியாலம்தான் இருக்கும். ஐசியூவுக்குள்ள வந்த நேரத்தில இருந்து எண்ணி, ரெண்டு ஷீட்டையும் சேர்த்துப் பாருங்கோ. ஈடியூவிலயே டியூப் போட்டு அங்க ஒரு பகல் கிடந்தவரெண்டா அந்த நேரத்தையும் தனியா ஒரு நிரல்ல எழுதுங்கோ; அவர் எங்களிட்ட வரேக்க பிரஷர் எல்லாம் ஓரளவு சரிப்பட்டிருக்கும், புள்ளி குறைவாத்தான் வரும்.